அயல்நாட்டில் ஒரு செமஸ்டர்: எராஸ்மஸ் திட்டம் இயங்கும் விதம்

ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர், படிப்பை நிறுத்தாமலேயே ஒரு செமஸ்டரையோ ஓராண்டையோ வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்புவதற்குப் பெயர் மாணவர் பரிமாற்றம். முழுப் பட்டத்துக்காக வெளிநாடு போவது வேறு, இது வேறு. இங்கே பட்டம் தருவது சொந்தப் பல்கலைக்கழகம்தான். கட்டணம் கட்டுவதும் அங்கேதான். அயல்நாட்டில் எழுதித் தேறிய தேர்வுகள் மட்டும் சொந்த ஊர்க் கணக்கில் வரவாகும். உலகில் இந்த ஏற்பாடு பல வடிவங்களில் நடக்கிறது. அவற்றில் மிகப் பெரியது ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம். 1987-இல் 11 நாடுகளில் 3,244 மாணவர்களோடு தொடங்கிய அது, இன்று தொழிற்பயிற்சி பெறுவோர், பள்ளி மாணவர்கள், ஆசிரியர்கள் என எல்லோரையும் சேர்த்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களை வேறு நாட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

படிப்புக்காக நாடு விட்டு நாடு போவது ஐரோப்பாவில் புதிய பழக்கமில்லை. இடைக்காலத்தில் பொலோனியா, பாரிஸ், ஆக்ஸ்போர்டு எல்லா இடங்களிலும் பாடமொழி லத்தீன். எங்கிருந்து வந்தவரும் எங்கும் உட்கார்ந்து பாடம் கேட்கலாம். வழியில்தான் தொல்லை. சொந்த ஊர்க்காரர் யாரோ பட்ட கடனுக்காக மாணவர்களைப் பிடித்து வைத்துப் பணம் கறக்கும் வழக்கம் இருந்தது. 1150-களில் புனித ரோமப் பேரரசர் முதலாம் பிரெட்ரிக் ஓர் ஆணையிட்டு அதைத் தடுத்தார். திட்டத்தின் பெயருக்கு உரியவரான ரோட்டர்டாம் நகரத்து அறிஞர் எராஸ்மஸும் ஓரிடத்தில் நிலைத்தவரல்லர். பாரிஸில் படித்தார், 1506-இல் டூரினில் முனைவர் பட்டம் பெற்றார், கேம்பிரிட்ஜில் கற்பித்தார், லூவெனில் தங்கினார், 1536-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இறந்தார்.

பின்னாளில் பல்கலைக்கழகங்கள் அந்தந்த நாட்டு மொழிக்கு மாறின. ஒவ்வொரு நாடும் தன் பட்டத்துக்கெனத் தனி விதிகளை எழுதிக்கொண்டது. எல்லை தாண்டிப் படித்த பாடத்துக்கு ஊரில் மதிப்பில்லாமல் போனது. இதைச் சரிசெய்ய இருபதாம் நூற்றாண்டில் முதலில் முயன்றவர்களில் அமெரிக்காவின் டெலவர் பல்கலைக்கழகம் ஒன்று. முதல் உலகப் போரில் பங்கேற்றுத் திரும்பிய பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைட், இளங்கலையின் மூன்றாம் ஆண்டைப் பிரான்சில் படிக்கலாம், அந்த ஆண்டுக்குரிய கிரெடிட்டை இங்கே தந்துவிடலாம் என்று வாதாடினார். 1923-இல் எட்டு மாணவர்கள் கப்பலேறினார்கள். பிற அமெரிக்கக் கல்லூரிகளும் இதைப் பின்பற்றின. ஆனால் அது அமெரிக்கர்கள் ஐரோப்பாவுக்கு வந்துபோகும் ஒருவழிப் பாதையாகவே பெரிதும் இருந்தது. அவர்கள் போன இடத்திலும் பேராசிரியரைக் கூடவே அழைத்துக்கொண்டு, தங்களுக்குள்ளேயே படித்த குழுக்கள் உண்டு.

ஐரோப்பாவுக்குள்ளேயே மாணவர்கள் இடம் மாறிப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் ஓர் அவமானத்திலிருந்து பிறந்தது. ரோம் நகரைச் சேர்ந்த சோபியா கொராடி 1950-களின் இறுதியில் புல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சட்டத்தில் முதுகலை முடித்தார். ரோமில் அவருடைய சட்டப் பட்டம் பாக்கியிருந்தது. கொலம்பியாவில் தேறியவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டபோது அலுவலகம் மறுத்துவிட்டது. பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளப்பட்டதாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். விட்டுப்போன தேர்வுகளை எழுதி, பட்டத்தை முடித்த பிறகும் அவர் அதை மறக்கவில்லை. இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் நிலைக்குழுவுக்கு ஆலோசகரானார். அந்த இடத்திலிருந்து 1969-இல், வெளிநாட்டில் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றுப் படித்த பாடங்களை ஊரில் ஏற்க வேண்டும் என்று முன்வரைவு ஒன்றை எழுதினார். இத்தாலியில் அவரை ‘எராஸ்மஸ் அம்மா’ என்று அழைப்பார்கள். திட்டம் நடைமுறைக்கு வர அதற்குப் பிறகும் 18 ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பிய ஆணையம் சும்மா இருக்கவில்லை. 1976 முதல் பத்தாண்டுகள் பல்கலைக்கழகத் துறைகளுக்கு இடையே சிறு அளவில் கூட்டுப் படிப்பு ஏற்பாடுகளுக்கு நிதி தந்து வெள்ளோட்டம் பார்த்தது. அதில் ஊக்கம் காட்டிய அதிகாரி வேல்ஸ்காரரான ஹைவெல் கெரி ஜோன்ஸ். 1986-இல் ஸ்பெயினைச் சேர்ந்த மனுவெல் மரீன் கல்விப் பொறுப்பு ஆணையரானபோது முழுத் திட்டம் மேசைக்கு வந்தது. பெரிய நாடுகள் இழுத்தடித்தன. பணம் யார் தருவது, கல்வியில் தலையிட ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகத்துக்கு அதிகாரம் உண்டா என்ற இரண்டும்தான் சண்டைக்குக் காரணம். நிதியை அமைச்சர்கள் வெட்டவும், அரைகுறையாக வேண்டாம் என்று ஆணையம் திட்டத்தையே திரும்பப் பெற்றது. அப்போது வேலை செய்தவர்கள் மாணவர்கள். 1985-இல் ஐரோப்பிய அளவிலான மாணவர் அமைப்பைத் தொடங்கிய பிராங்க் பியான்ஷெரி என்ற பிரெஞ்சு இளைஞர், பிரெஞ்சு அதிபர் மித்தரானின் ஆதரவைப் பெற்றுத் தந்தார். 1987 ஜூனில் எராஸ்மஸ் நிறைவேறியது.

பயணச் செலவுக்கு உதவித்தொகை கொடுப்பது எளிது. கொராடியை மடக்கிய கேள்வி வேறு: ஒரு நாட்டில் படித்த பாடம் இன்னொரு நாட்டில் எவ்வளவு பெறும்? இதற்கான விடையாக 1989-இல் சோதனை முறையில் வந்ததுதான் ஐரோப்பியக் கிரெடிட் மாற்றுமுறை. ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்காரும் நேரம் மட்டுமல்ல, நூலகத்தில் செலவிட்டதும் தேர்வுக்குத் தயாரானதும் அதில் அடக்கம். பேராசிரியர் எத்தனை மணி பேசினார் என்பதை விட்டுவிட்டு மாணவர் எத்தனை மணி உழைத்தார் என்பதை அளவாக்கியது இதன் முக்கிய மாற்றம். விரிவுரை அதிகமுள்ள நாட்டையும் தானே படித்துக்கொள்ளச் சொல்லும் நாட்டையும் ஒரே கோலால் அளக்க அதுவே வழி செய்தது. 1999-இல் 29 நாடுகளின் கல்வி அமைச்சர்கள் பொலோனியாவில் கையெழுத்திட்ட அறிக்கை, இதைப் பரிமாற்ற மாணவர்களுக்கு மட்டுமின்றி எல்லாப் படிப்புகளுக்கும் பொதுவாக்கும் பாதையைத் திறந்தது. எராஸ்மஸின் சாதனை எது என்று கேட்டால், மாணவர் ஏறிய விமானங்களை விட இந்தக் கிரெடிட்டையே முதலில் சொல்ல வேண்டும்.

நடைமுறை, இரண்டு பல்கலைக்கழகங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. எந்தத் துறையிலிருந்து எத்தனை பேர், எத்தனை மாதம் என்று அதில் இருக்கும். ஆகவே மாணவர் உலகப்படத்தில் விரலை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது. தன் துறைக்கு எங்கே இடமிருக்கிறதோ அங்கேதான் போகலாம். மதிப்பெண், மொழித்திறன், விண்ணப்பக் கடிதம் ஆகியவற்றைப் பார்த்துச் சொந்தத் துறையே ஆளைத் தேர்ந்தெடுக்கும். பிறகு கற்றல் ஒப்பந்தம் என்ற தாளை நிரப்ப வேண்டும். அங்கே படிக்கப்போகும் பாடங்கள் ஒரு பட்டியல், அவை இங்கே எந்தப் பாடங்களுக்கு ஈடாகும் என்பது இன்னொரு பட்டியல். மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் கையெழுத்திடும்.

இந்தத் தாளில் இருக்கும் பாடத்தில் தேறினால் கிரெடிட்டை மறுக்கக் கூடாது என்பது விதி. தாளில் இல்லாத பாடத்தில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் சொந்தப் பல்கலைக்கழகம் அதற்குப் பொறுப்பல்ல. சிக்கல் போய் இறங்கிய முதல் வாரங்களிலேயே வரும். பட்டியலிட்ட பாடம் இந்த செமஸ்டரில் நடக்காது, அல்லது இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் மோதும். அப்போது மாற்றுப்பாடம் தேடி, மூன்று கையெழுத்தையும் மறுபடி வாங்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டவர்கள் ஊர் திரும்பியபின் அரியர் வைத்தவர்களைப் போல நிற்பது எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் பழகிப்போன காட்சி. விதி தெளிவாக இருந்தாலும், தன் பாடத்தைத் தன்னைப்போல் வேறு யாரும் நடத்த முடியாது என்று நம்பும் பேராசிரியர்கள் எந்த நாட்டிலும் உண்டு.

மதிப்பெண்ணை மாற்றுவது கிரெடிட்டை மாற்றுவதை விடக் கடினம். இத்தாலியில் 30-க்கு 18 எடுத்தால் தேர்ச்சி. 30-க்கு மேல் ‘பாராட்டுடன்’ என்று ஒரு படி இருக்கிறது. பிரான்சில் 20-க்கு 10 போதும், ஆனால் 16 எடுத்தாலே வகுப்பு திரும்பிப் பார்க்கும், 20 கொடுக்கும் ஆசிரியர் அபூர்வம். ஜெர்மனியில் எண் குறையக் குறைய மதிப்பு கூடும்: 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி எல்லை, 5.0 தோல்வி. டென்மார்க்கில் உச்சம் 12, அடிமட்டம் கழித்தல் 3. பிரான்சின் 14-ஐ வெறும் சதவீதமாக்கி 70 என்று எழுதினால் அந்த மாணவருக்கு அநியாயம். அதனால் முதலில் தேறியவர்களை வரிசைப்படுத்தி, முதல் 10 சதவீதத்தினருக்கு ஏ, அடுத்த 25 சதவீதத்தினருக்கு பி என்று ஒரு பொது அளவு வைத்துப் பார்த்தார்கள். சிறு வகுப்புகளில் அது சரிவரவில்லை. இப்போது ஒவ்வொரு துறையும் தன்னிடம் எந்த மதிப்பெண் எத்தனை சதவீதம் பேருக்குக் கிடைக்கிறது என்ற அட்டவணையை வெளியிட வேண்டும் என்றும், இரண்டு அட்டவணைகளையும் ஒப்பிட்டு மாற்ற வேண்டும் என்றும் வழிகாட்டுகிறார்கள். அட்டவணை தயாரிக்காத துறைகள் பழைய வாய்பாட்டையே கையாளுகின்றன.

நாட்காட்டியும் ஒத்துப்போவதில்லை. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டரின் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரை ஓடும். ஸ்பெயினில் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். ஜெர்மனிக்குப் போன ஸ்பானிய மாணவர் அங்கே கடைசித் தேர்வை எழுதும்போது ஊரில் அடுத்த செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு செமஸ்டருக்குப் பதில் முழு ஆண்டும் தங்கிவிடுபவர்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

பணக் கணக்கைப் பார்த்தால், ஏற்கும் பல்கலைக்கழகம் கல்விக் கட்டணம் கேட்கக் கூடாது. இது எராஸ்மஸின் அடிப்படை விதி. அதற்கு மேல் மாத உதவித்தொகை உண்டு. போகும் நாட்டின் விலைவாசியை வைத்து நாடுகளை மூன்று தொகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். டென்மார்க், சுவீடன் போன்றவை மேல் தொகுதியில், போலந்து, ருமேனியா, பல்கேரியா போன்றவை கீழ்த் தொகுதியில். வசதி குறைந்த மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதம் 250 யூரோ கூடுதல். தொகையின் பெரும்பகுதி முதலிலும், மீதி திரும்பிவந்து சான்றுகளைக் கொடுத்த பின்னும் கிடைக்கும். இந்தப் பணம் கூடுதல் செலவை ஈடுகட்டத்தான், முழுச் செலவுக்கு அல்ல என்று திட்டமே சொல்லிவிடுகிறது. விலைவாசி ஏறிய நகரங்களில் வாடகைக்கே அது போதுவதில்லை. மீதியைப் பெற்றோர் தர வேண்டும், அல்லது மாணவர் சேமித்திருக்க வேண்டும். 2021 முதல் 2027 வரையிலான ஏழு ஆண்டுகளுக்கு ஒதுக்கிய நிதி 2,600 கோடி யூரோவுக்கு மேல். முந்தைய ஏழாண்டு ஒதுக்கீட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவ்வளவு இருந்தும், போகிறவர்களில் வசதியான, படித்த குடும்பத்துப் பிள்ளைகளே அதிகம் என்ற குறை முதல் நாளிலிருந்து தீரவில்லை.

வாடகை அறை கிடைப்பதே இன்று முதல் பரீட்சை. ஜெர்மனியில் மாணவர் நலக் கழகங்கள் நடத்தும் விடுதிகள் மலிவு, ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். விடுதி கிடைக்காதவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்வார்கள். பிரான்சில் வாடகையில் ஒரு பகுதியை அரசு தரும் உதவிக்குப் பிற ஐரோப்பிய ஒன்றிய நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். நெதர்லாந்தில் நெருக்கடி மோசம். அறை உறுதியாகாவிட்டால் புறப்பட்டு வரவேண்டாம் என்று ஆம்ஸ்டர்டாமில் பல்கலைக்கழகமே அயல்நாட்டு மாணவர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இந்தத் தட்டுப்பாட்டில் மோசடிக்காரர்கள் பிழைக்கிறார்கள். இல்லாத வீட்டின் படத்தைக் காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போவார்கள். நேரிலோ நம்பகமான ஆள் மூலமோ பார்க்காத அறைக்குப் பணம் அனுப்பக் கூடாது. அறை கிடைத்தபின் அலுவல்கள் தொடரும். ஜெர்மனியில் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இத்தாலியில் வரி எண் வாங்காமல் வாடகை ஒப்பந்தம் போட முடியாது.

வகுப்பறைப் பழக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ஜெர்மன் பல்கலைக்கழக அட்டவணையில் பத்து மணி என்று போட்டு ‘சி.டி.’ என்ற இரண்டு எழுத்து இருந்தால் வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். முதல் நாள் சரியாகப் பத்துக்குப் போன அயல்நாட்டு மாணவர் காலி அறையைப் பார்ப்பார். விரிவுரை முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டுவது அங்கே கைதட்டலுக்குச் சமம். இத்தாலியில் பல தேர்வுகள் வாய்மொழித் தேர்வுகள். பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும், மதிப்பெண்ணை அங்கேயே சொல்லிவிடுவார், பிடிக்காவிட்டால் மாணவர் அதை ஏற்காமல் மறுபடி தேர்வுக்கு வரலாம்.

மொழி பற்றிய எதிர்பார்ப்பு பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. செமஸ்டர் முடிவதற்குள் ஸ்பானியமோ ஜெர்மனோ நாக்கில் படிந்துவிடும் என்று நம்பிப் போகிறவர்கள் அதிகம். போன இடத்தில் பல பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன, கூட இருப்பவர்களும் பரிமாற்ற மாணவர்கள். இத்தாலியரும் போலந்துக்காரரும் பின்லாந்துக்காரரும் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சுற்றி, ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு ஆறு மாதம் ஓடிவிடும். உள்ளூர் மாணவருக்குப் பழைய நண்பர்கள் இருக்கிறார்கள், ஆறு மாதத்தில் போகப்போகிறவரோடு புதுப் பழக்கம் தேட அவருக்கு அவசரமில்லை. 1989-இல் முன்னாள் எராஸ்மஸ் மாணவர்கள் உருவாக்கிய எராஸ்மஸ் மாணவர் வலைப்பின்னல் என்ற அமைப்பு, புதிதாக வருபவருக்கு உள்ளூர்த் துணை ஒருவரைச் சேர்த்துவிடும் வழக்கத்தை ஊர் ஊராகப் பரப்பியது. உள்ளூர்க் குடும்பத்தோடோ உள்ளூர் மாணவர்களோடோ வீட்டைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கே மொழி வசப்படுகிறது. பார்சிலோனாவில் பல நாட்டு மாணவர்கள் ஒரே வீட்டில் குடியிருப்பதை வைத்து செட்ரிக் கிளாபிஷ் 2002-இல் எடுத்த பிரெஞ்சுப் படம், ஒரு தலைமுறையை ஸ்பெயினுக்கு ஈர்த்தது என்று சொல்வதுண்டு. படம் இல்லாவிட்டாலும் ஸ்பெயின் ஈர்த்திருக்கும். எராஸ்மஸ் மாணவர்களை அதிகம் ஏற்கும் நாடுகளின் வரிசையில் அது நீண்ட காலமாகவே முன்னணியில் நிற்கிறது. கிரனாடா பல்கலைக்கழகம் அதில் தனிப் பெயர் பெற்றது.

இதனால் விளைந்த நன்மை என்ன? ஐரோப்பிய ஆணையத்துக்காக 2014-இல் செய்யப்பட்ட ஆய்வு, பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வேலையில்லாதோர் விகிதம், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்களிடையே 23 சதவீதம் குறைவு என்றது. முன்னாள் எராஸ்மஸ் மாணவர்களில் 27 சதவீதத்தினர் தங்கள் வாழ்க்கைத் துணையை அந்தக் காலத்தில்தான் சந்தித்தார்கள் என்பதும், அப்படிப் பிறந்த குழந்தைகள் பத்து லட்சம் இருக்கலாம் என்ற மதிப்பீடும் செய்தித்தாள்களுக்குத் தீனியாயின. வேலை பற்றிய எண்ணைக் கொஞ்சம் யோசித்துத்தான் ஏற்க வேண்டும். நல்ல மதிப்பெண்ணும் துணிச்சலும் வசதியும் உள்ளவர்களே பெரும்பாலும் போகிறார்கள். அவர்கள் போகாமல் இருந்திருந்தாலும் ஓரளவு நன்றாகவே வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். மாணவர்களில் ஐந்தில் ஒருவராவது 2020-க்குள் வெளிநாட்டில் படித்த அனுபவம் பெற வேண்டும் என்று 2009-இல் வைத்த இலக்கையும் ஐரோப்பா எட்டவில்லை.

அரசியல் மாறினால் இந்த வழியும் அடைபடும். 2014 பிப்ரவரியில் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த சுவிட்சர்லாந்து மக்கள் வாக்களித்ததையடுத்து, அந்நாடு திட்டத்தின் முழு உறுப்புரிமையை இழந்து சொந்தப் பணத்தில் மாற்று ஏற்பாடு செய்துகொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிரிட்டன், எராஸ்மஸையும் விட்டு 2021-இல் டூரிங் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. அது பிரிட்டிஷ் மாணவர் வெளியே போகப் பணம் தந்தது, வெளியிலிருந்து வருபவருக்குத் தரவில்லை. இருவழியாக இருந்தது ஒருவழியானது. 2027 முதல் எராஸ்மஸில் மீண்டும் சேர்வதாகப் பிரிட்டன் 2025 டிசம்பரில் அறிவித்தது.

தமிழ்நாட்டு மாணவர்கள் எராஸ்மஸ் என்றதும் நினைப்பது பெரும்பாலும் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தை. அது 2004-இல் வந்த வேறொரு ஏற்பாடு: பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்பு, குறைந்தது இரண்டு நாடுகளில் படித்தாக வேண்டும், உதவித்தொகை மாதம் 1,400 யூரோ. உதவித்தொகை பெறுவோர் பட்டியலில் இந்தியர்கள் அண்மை ஆண்டுகளில் முன்வரிசையில் இருக்கிறார்கள். இந்தியாவிலேயே படித்துக்கொண்டு ஒரு செமஸ்டர் மட்டும் போய்வர, சொந்தக் கல்லூரிக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் தொடங்கிய சென்னை ஐஐடி போன்ற இடங்களில் அத்தகைய தொடர்புகள் பழையவை, பல கல்லூரிகளில் அறவே இல்லை. ஒப்பந்தம் இருந்தாலும், 90 நாட்களுக்கு மேல் தங்குவதால் சுற்றுலா விசா பயன்படாது, அந்தந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். உதவித்தொகை இல்லாமல் ஜெர்மனிக்குப் போகிறவர் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அதற்கான அளவு ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992.

இன்னொரு வழி பலர் கண்ணில் படுவதில்லை. எராஸ்மஸ் உதவித்தொகைக்குத் தகுதி குடியுரிமையைப் பொறுத்ததல்ல, எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து படிக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஜெர்மனியிலோ பிரான்சிலோ முதுகலை படிக்கும் தமிழ் மாணவர், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜெர்மானியரைப் போலவே ஸ்பெயினுக்கோ பின்லாந்துக்கோ ஒரு செமஸ்டர் போக விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான துறைகள் அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பத்தைக் குளிர்கால செமஸ்டரிலேயே வாங்கி முடித்துவிடுகின்றன. ஐரோப்பாவில் முதுகலை படிக்கப் போகிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே பன்னாட்டு அலுவலகத்தில் கடைசித் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.